மூன்று மீட்டர் பலகை, இரண்டு பூஜ்ஜியம்: சிங்கப்பூர் 2015

2015 ஜூனில் ஒரு வீடியோத் துண்டு கைபேசி கைபேசியாகத் தாவியது. நீலக் குளம், மேலே மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு பலகை. ஒரு வீரர் எம்பிக் குதிக்கிறார், காற்றில் சுழல்கிறார், தண்ணீரில் 'சளார்' என்று விழுகிறார். திரையில் பூஜ்ஜியம். பிறகு அதே நாட்டைச் சேர்ந்த இன்னொருவர். அவருக்கும் அதே கதி, அதே பூஜ்ஜியம். எனக்கும் அது வந்தது. நானும் சிரித்தேன். நாலைந்து பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

இரண்டாம் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் கிணற்றில் டைவ் அடிக்கப் பழகியவன் நான். தலைகீழாகச் சொருகப் போய், வயிறு தட்டையாக விழுந்து, மூச்சு அடைத்து, தொப்புளுக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்குச் சிவந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. நான் குதித்தது ஓர் ஆள் உயரத்திலிருந்து. இவர்கள் விழுந்த உயரம் அதைப் போல இரண்டரை மடங்கு. எழுந்து நீந்திக் கரைக்கு வந்தார்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது. சரி, அங்கே உண்மையில் என்னதான் நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, சிரித்த இடம் ஒன்று, பிசகிய இடம் இன்னொன்று என்று புரிந்தது.

இடமும் ஆட்களும்

அது 28-வது தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. சிங்கப்பூரில் 2015 ஜூன் 5 முதல் 16 வரை நடந்தது. 11 நாடுகள், 36 விளையாட்டுகள், 402 பதக்கப் பிரிவுகள். காலாங் பகுதியில் அதற்கு முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்தில், ஓசிபிசி நீர் விளையாட்டு மையத்தில் டைவிங் நடந்தது. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் ஒன்பது பிரிவுகளில் நீந்தி ஒன்பதிலும் தங்கம் வென்றது இதே மையத்தில்தான். உலகத்தில் பாதிப் பேருக்கு அந்த ஒன்பது தங்கம் நினைவில்லை, அந்த இரண்டு பூஜ்ஜியம்தான் நினைவிருக்கிறது என்றால் மிகையில்லை.

பிரிவு, ஆண்கள் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டு, அதாவது துள்ளும் பலகை. பிலிப்பைன்ஸ் சார்பில் இறங்கிய இருவர் ஜான் எல்மர்சன் ஃபப்ரிகா, ஜான் டேவிட் பஹோயோ. இருவருக்கும் தலா ஒரு டைவ் முழுவதுமாகப் பிசகி, பூஜ்ஜியம் விழுந்தது. வீடியோவில் வந்தவை அந்த இரண்டு டைவ்கள்தான். ஆண்களுக்கு ஸ்பிரிங்போர்டில் ஆளுக்கு ஆறு டைவ் உண்டு. மற்றவை எப்படி இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இந்த விளையாட்டை 'முக்குளிப்பு' என்று எழுதுகிறார்கள். அழகான சொல். ஆனால் எனக்கு அதைக் கேட்டதும் மூச்சடக்கி அடியாழம் போகிறவர்தான் கண்ணுக்குள் வருகிறார். இந்த ஆட்டமோ தண்ணீரைத் தொட்டதும் முடிந்துவிடுகிறது. உள்ளே போய் என்ன செய்தாலும் கணக்கில்லை. அதனால் டைவிங் என்றே எழுதுகிறேன்.)

அந்தப் பூஜ்ஜியம் என்ன பூஜ்ஜியம்?

பள்ளிக்கூடக் கணக்குப் பரீட்சையில் வாங்கும் பூஜ்ஜியத்தைப் போலத்தான் எல்லோரும் இதை எடுத்துக்கொண்டார்கள். 'ஒரு மார்க்கூடத் தேறவில்லை' என்கிற மாதிரி. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

டைவிங்கில் ஒவ்வொரு நடுவரும் 0 முதல் 10 வரை, அரை அரைப் புள்ளியாக மதிப்பிடுகிறார். மோசமான டைவுக்கு அரைப் புள்ளி, ஒன்று, இரண்டு என்றும் தரலாம். திருப்தியில்லை என்பதற்கான வரிசை அது. பெரிய போட்டிகளில் ஏழு நடுவர்கள் இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு மதிப்பெண்களை நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டலை டைவின் கடின எண்ணால், அதாவது அது எவ்வளவு கடினம் என்பதற்கு முன்பே குறித்துவைத்த எண்ணால், பெருக்கினால் வருவதுதான் புள்ளி. நடுவில் இருப்பவை மூன்றும் 6.5, கடின எண் 3.0 என்றால் 19.5 பெருக்கல் 3.0, ஆக 58.5.

பூஜ்ஜியம் இந்த வரிசையில் கடைசிப் படி போலத் தெரிகிறது. ஆனால் நடைமுறையில் அது வேறு கதவு வழியாக வருகிறது. அறிவித்த டைவ் ஒன்று, செய்தது வேறொன்று என்றால், தலைமை நடுவர் அதைத் 'தோல்வி டைவ்' என்று அறிவித்துவிடுவார். அறிவித்தவுடன் எல்லா மதிப்பெண்ணும் பூஜ்ஜியம். தலை முதலில் நுழைய வேண்டிய டைவில் கால் முந்தினால் தோல்வி. உடல் முறுக்கு சொன்னதைவிட 90 பாகையோ அதற்கு மேலோ கூடினாலும் குறைந்தாலும் தோல்வி. எத்தனை அழகாகச் சுழன்றார், எத்தனை உயரம் எழும்பினார் என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்டால், காரணம் டைவ் பட்டியலில் இருக்கிறது. என்னென்ன டைவ் செய்யப் போகிறோம் என்று வீரர் போட்டிக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு டைவுக்கும் ஒரு குறியீடு உண்டு. 107பி என்று எழுதினால் முன்பக்கமாக மூன்றரைக் குட்டிக்கரணம், இடுப்பில் மடிந்து கால் நீட்டி. 3 மீட்டரில் கடின எண் 3.1. 5152பி என்றால் முன்பக்கமாக இரண்டரைக் கரணமும் ஒரு முழு முறுக்கும். கடின எண் 3.0. ஆட்டம் தொடங்கிய பிறகு, 'இன்றைக்கு உடம்பு சரியில்லை, மூன்றரைக்குப் பதில் இரண்டரை போடுகிறேன்' என்று மாற்ற முடியாது. பெரிய எண்ணை எழுதிவிட்டுச் சின்ன டைவ் செய்து அந்தப் பெருக்கலை வாங்கிக்கொண்டு போக யாரையும் விட்டால் ஆட்டமே கெட்டுவிடும். அதற்குப் போட்ட வேலிதான் பூஜ்ஜியம். என்னைக் கேட்டால் விதி சரியானதுதான். ஏமாற்றுகிறவருக்காகப் போட்ட வேலியில் தடுமாறியவரும் மாட்டிக்கொள்கிறார் என்பதுதான் கஷ்டம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வயிறோ முதுகோ தட்டையாக விழுந்தாலே பூஜ்ஜியம் என்று விதியில் இல்லை. கை ஒரு நூலளவு முந்தி நுழைந்து, பிறகு உடம்பு அடிபட்டாலும், சொன்ன டைவ் அதுதான் என்றால் ஒன்றோ இரண்டோ கிடைக்க வாய்ப்புண்டு. கால் முந்தியதா கை முந்தியதா என்பது ஓர் இமைப்பொழுதில் தீர்ந்துபோகிற விஷயம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சில புள்ளிகள், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

பலகை

மூன்று மீட்டர் டைவ் எவ்வளவு நேரம் என்று நானே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகைக்கு மேல் ஒன்றரை மீட்டர் எழும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே போக அரை நொடிக்குச் சற்று மேல். உச்சியிலிருந்து தண்ணீர் நாலரை மீட்டர் கீழே. வந்து சேர ஏறத்தாழ ஒரு நொடி. எல்லாமாக ஒன்றரை நொடி. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஓடும் ஸ்கூட்டரிலிருந்து குப்புற விழுகிற வேகம். தண்ணீர் என்பதால் எலும்பு தப்பும், தோல் தப்பாது.

இந்த ஒன்றரை நொடிக்குள் மூன்றரைச் சுற்று. அந்தச் சுற்றும் வேகம் எங்கிருந்து வருகிறது? முழுக்க முழுக்கப் பலகையிலிருந்து. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாட்டையை விட்டுப் பிரிந்த பிறகு அதற்கு ஒரு சுற்றுகூடக் கூடுதலாகக் கொடுக்க முடியாது. டைவரும் அப்படித்தான். கால் பலகையை விட்ட கணத்தில் எவ்வளவு சுழற்சி கையில் இருக்கிறதோ அவ்வளவுதான். காற்றில் அவர் செய்யக்கூடியது உடம்பைச் சுருக்குவதும் விரிப்பதும் மட்டும். சுருண்டால் வேகமாகச் சுற்றும், நீட்டினால் மெதுவாகும். புறப்பாட்டில் உந்தல் குறைந்திருந்தால் எவ்வளவு சுருண்டாலும் கடைசிக் கால்சுற்று பாக்கி நின்றுவிடும். அப்போது முதுகோ காலோதான் முதலில் தண்ணீரைத் தொடும். தண்ணீரில் நாம் பார்க்கும் கோரத்துக்குக் காரணம் அதற்கு ஒன்றரை நொடி முன்பு, பலகை நுனியில் நடந்து முடிந்திருக்கும். வீடியோவில் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

பலகை என்று சொல்கிறோமே தவிர, அது வளையும் அலுமினியம். குறைந்தது 4.8 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். நடுவில் அதற்கு அடியில் ஓர் உருளைத் தாங்கி இருக்கும். அதைக் காலால் முன்னும் பின்னும் நகர்த்திப் பலகை எவ்வளவு துள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு வீரரும் தன் எடைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப வைத்துக்கொள்வார். முன்பக்க டைவ் என்றால் சில அடிகள் நடந்து வந்து, ஒரு காலைத் தூக்கி எம்பி, இரண்டு காலும் நுனியில் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். இறங்கும்போது பலகை கீழே வளைகிறது. மேலே வரும்போது வீசி எறிகிறது. அந்த எறிதலின் தாளத்தோடு முழங்கால் நிமிர வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பலகை கொடுத்த உந்தல் காலுக்குள்ளேயே கரைந்துபோகும். இரு சக்கர வண்டியில் வேகத்தடை ஏறும்போது சரியான நேரத்தில் எழுந்து நிற்காதவர்களுக்கு இதன் ஒரு சிறு ருசி தெரியும்.

நுனியில் எங்கே கால் வைக்கிறார் என்பதும் பெரிய விஷயம். நுனிக்குப் பின்னால் இறங்கினால் துள்ளல் குறைவு. உடம்பு அதிகம் முன்னால் சாய்ந்தால் தூரம் போகும், உயரம் போய்விடும். சாயாமல் நேரே எழும்பினால் உயரம் கிடைக்கும், ஆனால் திரும்பி வரும்போது பலகை தலைக்கு மிக அருகில் இருக்கும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லூகானிஸுக்கு நடந்தது இதுதான். தகுதிச் சுற்றில் பின்னோக்கிச் சுழலும் இரண்டரைக் கரணத்தில் பலகைக்கு மிக அருகே வந்து, பின்தலை அதில் மோதியது. தையல் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினார், அந்த ஒலிம்பிக்கில் ஸ்பிரிங்போர்டிலும் 10 மீட்டர் மேடையிலும் இரட்டைத் தங்கம் எடுத்தார். டைவிங்கில் ஒருவர் எந்தப் பக்கம் தவறினாலும் ஏதாவது ஒன்று காத்திருக்கிறது. பலகை அல்லது பூஜ்ஜியம்.

இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிசகப் போகிறது என்று தெரிந்தால் நின்றுவிடலாமே? நிற்கலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. ஓட ஆரம்பித்து நின்றுவிட்டால் மறுபடி ஒருமுறை முயலலாம். ஒவ்வொரு நடுவரின் மதிப்பெண்ணிலும் 2 கழியும். முன்னே போட்ட 58.5 கணக்கில் பார்த்தால், 6.5 என்பது 4.5 ஆகும், மொத்தம் 40.5. பதினெட்டுப் புள்ளி நஷ்டம். தோல்வி டைவ் என்றால் ஐம்பத்தெட்டரையும் போச்சு. ஆக நிற்பதுதான் லாபம், கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் கணக்குப் போட நேரம் எங்கே இருக்கிறது? பிசகு தெரிவது பெரும்பாலும் இரண்டு காலும் நுனியில் இறங்கி, பலகை கீழே வளைந்த பிறகுதான். அதற்குப் பிறகு நின்றுகொள்ளலாம் என்று நினைத்தாலும் பலகை விடாது, எறிந்துவிடும். இரண்டாவது தடவையும் நின்றால் அதற்கும் பூஜ்ஜியம்தான் என்பது வேறு மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பூஜ்ஜியம் வாங்கிய பெரிய ஆட்கள்

சிங்கப்பூர் வீடியோவுக்குக் கீழே பலரும் எழுதியது, 'இவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒலிம்பிக் பதில் சொல்கிறது.

2012 லண்டனில், இதே ஆண்கள் 3 மீட்டரில், ஜெர்மனியின் ஸ்டீஃபன் ஃபெக் மூன்றரைக் கரணம் போட்டுக்கொண்டிருந்தபோது காலைப் பிடித்திருந்த கை வழுக்கிவிட்டது. சுருள் அவிழ்ந்தது, சுழற்சி நின்றது, முதுகு தட்டையாக விழுந்தார். பூஜ்ஜியம். டைவர்கள் எல்லோரும் ஏன் எப்போதும் கையில் ஒரு சின்னத் துணியை வைத்துக்கொண்டு உடம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஏதோ பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். கெண்டைக்கால் ஈரமாக இருந்தால் பிடி நழுவும், அதுதான் காரணம்.

அதே லண்டனில் அந்தப் பிரிவில் சீனர்களைத் தோற்கடித்துத் தங்கம் எடுத்தவர் ரஷ்யாவின் இலியா சகாரோவ். நான்கு ஆண்டு கழித்து ரியோவில், நடப்புச் சாம்பியனாக வந்து, அரையிறுதியில் ஒரு டைவில் பூஜ்ஜியம் வாங்கி வெளியேறினார். அதே ரியோவில் பெண்கள் 3 மீட்டரில் ரஷ்யாவின் நடேழ்டா பழினா எழும்பும்போதே தடுமாறி முதுகில் விழுந்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் பமேலா வேர் கடைசி டைவுக்கு எம்பியவர், சுழலவே இல்லை. காலை நீட்டி நேராகக் குதித்துவிட்டார். அதற்கும் பூஜ்ஜியம். எனக்கு அந்தக் குதிப்பு மிகப் பிடித்திருந்தது. உந்தல் போதாது என்று தெரிந்த பிறகும் பிடிவாதமாகச் சுற்றப் போயிருந்தால் விழுவது முகமாகக்கூட இருந்திருக்கும். புள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், மருத்துவமனைக் கணக்கில் ஒன்றல்ல.

ஒலிம்பிக்குக்கு வெளியே என்று பார்த்தால் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டைச் சொல்ல வேண்டும். பெண்கள் 3 மீட்டர் இணை டைவிங். ஆஸ்திரேலியாவின் மேடிசன் கீனி, அனபெல் ஸ்மித் ஜோடி ரியோவில் வெண்கலம் வாங்கியவர்கள். சொந்த ஊர்க் கூட்டம், கடைசிச் சுற்று. இணை டைவிங்கில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே டைவைச் செய்ய வேண்டும். ஒருவர் பிசகினாலும் இருவருக்கும் சேர்த்துத்தான். பிசகியது. பூஜ்ஜியம். தங்கம் அதே நாட்டின் எஸ்தர் சின், ஜார்ஜியா ஷீஹான் ஜோடிக்குப் போனது. இந்தக் கீனிதான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3 மீட்டர் தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றவர்.

இவர்களில் யாரையும் பார்த்து, இவருக்கு டைவ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சகாரோவின் பூஜ்ஜியம் 'அதிர்ச்சி' ஆயிற்று, பிலிப்பைன்ஸ்காரர்களின் பூஜ்ஜியம் 'காமெடி' ஆயிற்று. ஒரே விதி, ஒரே பலகை. முன்னே கிடைத்த பதக்கம்தான் வித்தியாசம்.

ஏன் அத்தனை கடினமான டைவ்?

இன்னொரு கேள்வியும் வந்தது: முடியாதென்றால் எளிய டைவை எடுத்திருக்கலாமே? இது நியாயமான கேள்வி. காகிதத்தை மறுபடி எடுத்தேன்.

கடின எண் 2.0 உள்ள ஒரு டைவை நன்றாகச் செய்து மூன்று 7 வாங்கினால் 42 புள்ளி. கடின எண் 3.0 உள்ள டைவைச் சுமாராகச் செய்து மூன்று 5 வாங்கினால் 45. நன்றாகச் செய்த எளிய டைவைச் சுமாரான கடின டைவ் முந்திவிடுகிறது. சிறந்த நாடுகளின் ஆட்கள் மூன்றுக்கு மேல் கடின எண் வைத்துக்கொண்டு எட்டுக்கு மேல் மதிப்பெண் வாங்குகிறபோது, எளிய பட்டியலோடு மேடை ஏறுகிறவர் தோற்கத்தான் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுகிறார். அது மட்டுமில்லை. ஐந்து வகைகளிலிருந்தும் டைவ் இருக்க வேண்டும்: முன்பக்கம், பின்பக்கம், தண்ணீரைப் பார்த்து நின்று பின்னோக்கிச் சுழல்வது, பலகையைப் பார்த்து நின்று உள்நோக்கிச் சுழல்வது, முறுக்குடன் சுழல்வது. எனக்கு முன்பக்கம்தான் கைவசம் என்று ஆறையும் அதிலேயே செய்ய முடியாது. எல்லோருக்கும் ஒரு வகை பலவீனமாக இருக்கும். பூஜ்ஜியம் அங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

தென்கிழக்கு ஆசியாவில் அந்தச் 'சிறந்த நாடு' மலேசியா. 2012 லண்டனில் பண்டெலேலா ரினோங் 10 மீட்டர் மேடையில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மலேசியப் பெண் அவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஊய் ட்சே லியாங் இதே ஆண்கள் 3 மீட்டரில் தங்கம் எடுத்தார். 2016 ரியோவில் பண்டெலேலாவும் சியோங் ஜுன் ஹூங்கும் இணைப் பிரிவில் வெள்ளி. 2017-இல் ஜுன் ஹூங் 10 மீட்டரில் உலகச் சாம்பியன். இப்படிப்பட்ட ஒரு நாடு பக்கத்து வீட்டில் இருக்கும்போது, மற்றவர்கள் பட்டியலில் எண்ணைக் குறைத்து எழுத மாட்டார்கள்.

பிலிப்பைன்ஸுக்கு டைவிங் புதிது என்று நினைத்தாலும் தவறு. 2005-இல் தங்கள் மண்ணில் நடந்த தென்கிழக்கு ஆசியப் போட்டியில் டவாவோவைச் சேர்ந்த ஷீலா மே பெரெஸ் மூன்று தங்கம் எடுத்தார்: 1 மீட்டர், 3 மீட்டர், செசெயில் டொமேனியோஸுடன் சேர்ந்து 3 மீட்டர் இணை. மூன்றுமே ஸ்பிரிங்போர்டு. சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என்று மூன்று ஒலிம்பிக்கில் இறங்கியவர். அவர் சிறுமியாகக் குதித்து விளையாடியது நீச்சல் குளத்தில் அல்ல, ஊர்ப் படகுத்துறையில். அந்த நாட்டில் குதிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் குதிக்கத் தெரிவதும் 107பி போடுவதும் வேறு. அதற்கு முதலில் தரையில் வேலை. இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, டிராம்போலினில் சுற்றிப் பழக வேண்டும். அடியில் பஞ்சுக் குழி வைத்து அதற்குள் பலகையிலிருந்து குதித்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குப் போன பிறகும் அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டு, பரப்பை மென்மையாக்கி, விழுந்தால் அடி குறைவாகப் படும்படி செய்துகொண்டு பழகுவார்கள். ஒரு புதிய டைவ் ஆயிரம் தடவை இப்படி ஓடிய பிறகுதான் உடம்பு யோசிக்காமல் செய்யும். இத்தனையும் ஒரே கூரைக்கடியில் இருக்கிற நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் இடையே உள்ள தூரம், போட்டி நாளில் ஒரு கால்சுற்றாக வந்து நிற்கும்.

பிறகு

வீடியோ லட்சக்கணக்கானவர்களைப் போய்ச் சேர்ந்தது. செய்தி நிறுவனங்களும் எடுத்துப் போட்டன. சில நாளில் ஃபப்ரிகா தன் சமூக ஊடகப் பக்கத்தில் பதில் எழுதினார். நாட்டுக்காக அங்கே நின்றதில் தனக்குப் பெருமை என்பதுதான் அதன் சாரம். கெஞ்சலும் இல்லை, சாக்கும் இல்லை. சிரித்தவர்களில் கொஞ்சம் பேர் அதற்குப் பிறகு பக்கம் மாறினார்கள். அவர் அதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனாலும் நல்ல வேளை, எழுதினார்.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது அந்தத் திரையைப் பற்றி. விதியில் இருக்கும் சொல் 'தோல்வி டைவ்'. தலைமை நடுவர் அறிவிப்பதும் அதுதான். தொலைக்காட்சித் திரையில் விழுவதோ 0.0. நடுவர்கள் உட்கார்ந்து யோசித்து, இதற்கு ஒன்றுமே தகாது என்று முடிவு செய்தது போல ஓர் எண். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு குறி போட்டிருந்தால், அந்த வீடியோ பாதி தூரம்கூடப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

ஓசிபிசி மையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், அதே ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்துக்குள், தேசிய அரங்கம் இருக்கிறது. அதே போட்டியின் தடகளப் பிரிவுகள் அங்கே நடந்தன. நீளம் தாண்டுகிறவர் ஓடி வந்து, ஒரு விரல் அகலம் கூடுதலாகப் பலகையை மிதித்து, ஏழு மீட்டர் பறந்து மணலில் இறங்கினாலும், அவருக்கு நேராக 0.00 என்று எழுத மாட்டார்கள். ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். மணலைச் சமப்படுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.